காற்றுப்பூ: பெயரில் இருக்கும் மென்மை பூவில் இருக்கிறதா?

தூரிகைக்காரி

மூன்று வாரமாக ஒரே பூவை வரைந்து தோற்றுக்கொண்டிருக்கிறேன். அனிமோன். காற்றுப்பூ என்று தமிழில் சொன்னால் நன்றாக இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். தொட்டியில் கிழங்கு வைத்து வளர்த்தவை. சிவப்பு இரண்டு, ஊதா ஒன்று.

சிக்கல் என்னவென்றால் அது ஒரு நிலையில் நிற்பதில்லை. காலையில் உட்கார்ந்தால் பாதி மூடிய கிண்ணம். வெயில் ஏறினால் தட்டு மாதிரி விரிந்துவிடுகிறது. மாலையில் மறுபடி கிண்ணம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு மொட்டு. சரி, பறித்து உள்ளே வைத்தாலாவது அசையாமல் இருக்கும் என்று ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் தண்டு ஒரு விரற்கடை நீண்டு, ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பியிருக்கிறது. முதல் நாள் போட்ட பென்சில் கோட்டுக்கும் பூவுக்கும் சம்பந்தமே இல்லை.

என் கேள்வி இது. எங்கே படித்தாலும் இந்தப் பூ நிலையாமைக்கு அடையாளம், காற்றடித்தால் போய்விடும் என்றே எழுதியிருக்கிறது. ஆனால் போன வாரம் காற்றும் மழையுமாக இரண்டு நாள் அடித்ததில் பக்கத்துத் தொட்டிச் செடிகள் சாய்ந்தன. இது தலையைக் கவிழ்த்து இதழை மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்தது. மென்மை என்று சொன்னவர்கள் பூவைப் பார்த்துச் சொன்னார்களா, பெயரைப் பார்த்துச் சொன்னார்களா? ஓவியர்களில் யாராவது இதை ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்களா?

நெடுங்கணக்கு

அம்மா, இதற்கு நம்மிடமே ஒரு பூ இருக்கிறதே. அனிச்சம். 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்று குறளில் படித்திருப்பீர்கள். அனிச்சம், அனிமோன்: காதில் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது பாருங்கள். இரண்டும் மென்மைக்குப் பெயர் போனவை. கிரேக்க வணிகர்கள் இங்கே வந்து போனவர்கள்தான். ஒரே பூவின் இரண்டு பெயர்களாக ஏன் இருக்கக் கூடாது?

வேரடி

ஐயா, உங்கள் ஆர்வத்துக்கு வணக்கம். ஆனால் இது ஒலி ஒற்றுமை மட்டும்தான். 'அனிமோஸ்' என்றால் கிரேக்கத்தில் காற்று, அதிலிருந்து வந்த பெயர். அனிச்சம் எந்தச் செடி என்பதிலேயே அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. அனாகாலிஸ் என்ற சிறு செடியைச் சிலர் காட்டுகிறார்கள்.

இன்னொன்று, அனிச்சம் குழைவது முகர்ந்தால். அனிமோன்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொல்லும்படியான மணமே கிடையாது. யாரும் முகரப் போவதில்லை, அது குழையவும் போவதில்லை! தென்னிந்திய மலைகளில் அனிமோன் இனம் இருப்பது உண்மை. ரிவுலாரிஸ் என்ற இனம் இமயத்திலிருந்து இலங்கை வரை ஈரமான மலைப்புல்வெளிகளில் வளர்கிறது. வெள்ளை இதழ், அடிப்பக்கம் நீலச் சாயல். அதற்காக அதுதான் அனிச்சம் என்று சொல்லிவிட முடியாது.

நெடுங்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன், அரைமனதாக. ஆனால் ஒன்று. அந்தக் குறள் பூவைப் பற்றியதே அல்ல, விருந்தாளியைப் பற்றியது. முகர்ந்தால்தான் அனிச்சம் வாடும், முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார். பூவை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு மனிதனை அளக்கிறார். அனிமோனுக்கும் கவிஞர்கள் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

சட்டகம்

ஐயா சொன்ன அந்த 'அளவுகோல்' சரியாக இங்கே பொருந்துகிறது. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், காட்டுப்பன்றி குத்திச் சாகும் தன் காதலன் அடோனிஸின் குருதியில் காதல் தேவி வீனஸ் அமுதம் தெளிக்கிறாள், அதிலிருந்து இந்தப் பூ எழுகிறது. அதோடு விடவில்லை. இதன் இன்பம் குறுகியது, எந்தக் காற்று பெயர் கொடுத்ததோ அதே காற்று உதிர்த்தும் விடுகிறது என்று முடிக்கிறார். பியோன் என்ற கிரேக்கக் கவிஞரிடம் கதை கொஞ்சம் மாறும். அங்கே குருதியிலிருந்து ரோஜா, தேவியின் கண்ணீரிலிருந்துதான் அனிமோன். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஆனால் ஓவியர்கள் ஓவிட் பக்கம் போய்விட்டார்கள். சிவப்பு வண்ணம் கையில் இருக்கும்போது கண்ணீரை யார் வரைவார்கள்?

கோணல்பார்வை

இந்த 'காற்று' விஷயமே கட்டுக்கதை. காற்று வீசினால்தான் இந்தப் பூ திறக்கும் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்துவிட்டார், ஆளாளுக்கு அதைப் பிடித்துக்கொண்டார்கள். தூரிகைக்காரி சொல்வதைப் பார்த்தாலே தெரிகிறது, அது வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் திறக்கிறது. இரண்டாயிரம் வருஷமாக ஒருத்தர்கூட காற்றில்லாத காலையில் போய்ப் பார்க்கவில்லையா?

வேரடி

பார்த்திருப்பார்கள். ஆனால் கதை நன்றாக இருந்ததே!

மென்மை என்ற பேச்சுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளம். ஐரோப்பியக் காடுகளில் நெமரோசா என்ற இனம் உண்டு, காட்டுக் காற்றுப்பூ. ஒரு சாண் உயரம்கூட வராது. வெள்ளைப் பூ, பின்பக்கம் லேசாக ரோஸ் ஓடியிருக்கும். தண்டின் நடுவில் மூன்று இலைகள் காலர் மாதிரி சுற்றி நிற்கும், அதற்கு மேல் ஒற்றைப் பூ.

அதன் வேலையெல்லாம் வசந்தத்தின் தொடக்கத்தில்தான். மேலே மரங்கள் இன்னும் இலை விட்டிருக்காது, வெயில் நேராகத் தரைக்கு வரும். அந்தச் சில வாரங்களுக்குள் முளைத்து, பூத்து, அடுத்த ஆண்டுக்கான சாப்பாட்டை மண்ணுக்குள் சேர்த்துவிட வேண்டும். மரங்கள் கூரை போட்டு மூடியதும் இதன் இலைகள் மஞ்சளாகி மறைந்துவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் அங்கே அப்படி ஒரு செடி இருந்த சுவடே இருக்காது.

மண்ணுக்கு அடியில் பென்சிலைவிட மெல்லிய, பழுப்பு நிறத் தண்டு படுக்கையாக ஓடிக்கொண்டிருக்கும். விதையை நம்பி வாழும் செடி அல்ல இது, அந்தத் தண்டை நம்பித்தான். அது பரவும் வேகம் தெரியுமா? நூறு ஆண்டுக்குச் சுமார் 6 அடி. அதனால்தான் பிரிட்டனில் ஒரு காட்டின் தரையில் இது பாய் விரித்ததுபோல் பூத்திருந்தால், காடு மிகப் பழையது என்பதற்கு அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு அறை அளவுக்குப் பரவிய திட்டைப் பார்த்தால், நம் தாத்தாவுக்குத் தாத்தா பிறப்பதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கலாம். இதையா நிலையாமை என்பது?

தூரிகைக்காரி

வேரடி அண்ணா, 6 அடி என்பதைப் படித்துவிட்டு எழுந்து போய் அறையை ஒருமுறை அளந்துவிட்டு வந்தேன். இனி யாராவது 'நொடியில் வாடும் மலர்' என்று எழுதினால் சண்டைதான்.

கோணல்பார்வை

அவசரப்படாதீர்கள். நீங்கள் இரண்டு பேரும் செடியைப் பற்றிப் பேசுகிறீர்கள், கவிஞர் பூவைப் பற்றிப் பேசினார். உதிர்வது உண்மைதானே? செடி நூறு வருஷம் இருக்கட்டும், அந்த இதழ் நாளைக்குக் கீழே கிடக்கும். ஓவிட் தாவரவியல் எழுதவில்லை.

தூரிகைக்காரி

ம்... இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊதாப் பூவின் இதழ்கள் ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியிருக்கின்றன. பொறுத்திருந்து பார்க்கிறேன்.

வேரடி

இதழ் என்று எல்லோரும் எழுதுகிறோம், ஒரு சின்னத் திருத்தம். இந்தப் பூவுக்கு உண்மையான உள்ளிதழ் (அல்லி) கிடையாது. நாம் பார்ப்பவை நிறம் ஏறிய புறவிதழ்கள். வழக்கை மாற்றச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

சட்டகம்

இனி ஓவியம். எனக்குத் தெரிந்தவரை இதை வரைந்தவர்களில் இரண்டு கட்சி. ஒன்று, காற்றை வரைந்தவர்கள். இன்னொன்று, பூவை வரைந்தவர்கள்.

முதல் கட்சிக்கு ஆங்கிலேய ஓவியர் வாட்டர்ஹவுஸ். 1900களின் தொடக்கத்தில் இந்தப் பூவின் பெயரையே தலைப்பாக வைத்து ஓர் ஓவியம் வரைந்தார். புல்வெளியில் ஒரு பெண், ஆடையும் கூந்தலும் காற்றில் பறக்கின்றன. 1903-இல் 'போரியஸ்' என்று இன்னொன்று, வடகாற்றுத் தேவனின் பெயர். அதிலும் காற்றோடு போராடும் பெண்தான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கூர்ந்து பாருங்கள், காற்று முழுவதும் துணியில் இருக்கிறது. பூ வெறும் சாக்கு.

இரண்டாம் கட்சிக்குப் பூ ஜாடியில் இருக்கும். காற்றே இல்லாத அறை. வான்கோ 1890-இல், கடைசி நாட்களில், ஓவேர் ஊரில் ஜப்பானிய ஜாடி ஒன்றில் ரோஜாவையும் அனிமோனையும் சேர்த்து வரைந்தார். இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸுக்கு இது வாழ்நாள் பூ. 1937-இல் வரைந்த 'ஊதா அங்கியும் அனிமோன்களும்' அமெரிக்காவில் பால்டிமோர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அங்கியில் கோடு, சுவரில் கோடு, எங்கே பார்த்தாலும் கோடு. அத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஒரு குவளைப் பூ. அங்கியில் இருக்கும் பெண்ணுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் பூவுக்கும்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரைச் சொல்லாமல் விட முடியாது. மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்கிப்போன நிலையிலும் வரைந்துகொண்டிருந்தார். 1919 டிசம்பரில் இறந்த அன்று, வீட்டில் வேலை செய்த பெண் பறித்துவந்த அனிமோன்களை வரைந்தார் என்றும், தூரிகையைத் திருப்பிக் கொடுக்கும்போது 'இதில் ஏதோ எனக்குப் புரியத் தொடங்குகிறது' என்ற பொருளில் சொன்னார் என்றும் அவருடைய மகன் எழுதியிருக்கிறார். 78 வயது. ஆயிரக்கணக்கில் வரைந்தவர். தூரிகைக்காரி, உங்கள் மூன்று வாரம் ஒரு கணக்கே இல்லை!

தூரிகைக்காரி

இதைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி.

கோணல்பார்வை

மறுபடி நான்தான். அந்த ஜாடிகளில் இருப்பது அனிமோன் என்று தலைப்பைப் படிக்காமல் யாரால் சொல்ல முடியும்? ரோஜா என்று எழுதியிருந்தால் ரோஜா என்றுதான் தலையாட்டியிருப்போம். ஓவியனுக்குச் சிவப்புத் திட்டு வேண்டும், அவ்வளவுதான்.

தூரிகைக்காரி

இதை மட்டும் விட மாட்டேன். வரைந்து பார்த்தவள் சொல்கிறேன், நடுவில் இருக்கும் கறுப்புதான் அடையாளம். கிட்டே போய்ப் பாருங்கள். குண்டூசித் தலைகளை நெருக்கி அடுக்கியதுபோல ஒரு குமிழ். அதைச் சுற்றிக் கருநீல மகரந்தப் பைகள் வட்டமாக நிற்கும், லேசாகத் தட்டினால் நீலச் சாம்பல் மாதிரி பொடி இதழில் விழும். அதற்கு வெளியே, சிவப்பு தொடங்கும் இடத்தில் வெளிறிய ஒரு வளையம், யாரோ ஈரத் தூரிகையால் வண்ணத்தைத் துடைத்து எடுத்ததுபோல. ரோஜாவில் இது கிடையாது. மத்தீஸ் நாலு தீற்றலில் முடித்திருந்தாலும் அந்தக் கறுப்பை விடவில்லை.

இன்னொரு விஷயம், அது கறுப்பே இல்லை. டப்பாவில் இருக்கும் கறுப்பை வைத்தால் இதழில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது. கருநீலமும் கொஞ்சம் சிவப்பும் கலந்து வைத்த பிறகுதான் பூ என்னைத் திரும்பிப் பார்த்தது.

வேரடி

நீங்கள் சொல்லும் அந்தக் கறுப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது கொரோனாரியா, மத்தியதரைக்கடல் நாடுகளின் இனம். இஸ்ரேலில் 2013-இல் இதைத் தேசிய மலராகத் தேர்ந்தார்கள், பெயர் கலனித். அரபியில் ஷகாயிக் அந்நுஃமான். மழை அதிகமான பகுதிகளில் வெள்ளை, ஊதா, ரோஸ் எல்லாம் கலந்து பூக்கும். வறண்ட தெற்கே போகப் போகச் சிவப்பு மட்டும்தான், வயல் முழுக்க.

தேனீக்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த நிலப்பகுதியில் உடம்பெல்லாம் ரோமம் மூடிய வண்டு வகை ஒன்று உண்டு, அதற்குச் சிவப்பு தெரியும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் சம்பளம். வண்டுகள் அதைத் தின்ன வருகின்றன, துணை தேடவும் பூவையே சந்திப்பு இடமாக வைத்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் அதே நிலத்தில் கசகசாக் குடும்பத்துப் பூ ஒன்று, துலிப் ஒன்று, ரனன்குலஸ் ஒன்று எல்லாமே சிவப்புக் கிண்ணம், இருண்ட நடு என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ரனன்குலஸ் மட்டும் அனிமோனின் குடும்பம், மற்றவை நெருங்கிய சொந்தம் இல்லை. வண்டின் கண்ணுக்கு ஏற்றபடி ஆளுக்கொரு வழியில் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. மத்தீஸின் கண்ணை இழுத்தது முதலில் வண்டுக்காக ஏற்பட்டது.

கோணல்பார்வை

சரி, இந்த ஆட்டத்தில் நான் அவுட்.

மழைத்தூறல்

அக்கா, உங்கள் பதிவைப் பார்த்துத்தான் நானும் கிழங்கு வாங்கினேன். உலர்ந்த இஞ்சித் துணுக்கு மாதிரி இருந்தது. எது தலை எது வால் என்றே தெரியவில்லை. இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து நட்டேன். ஒரு மாதம் ஆகிறது, தோண்டிப் பார்த்தால் கூழ். என்ன தப்பு செய்தேன்?

தூரிகைக்காரி

இரண்டு நாள்தான் தப்பு, தம்பி. என் முதல் தொகுதியும் அப்படித்தான் அழுகியது. சில மணி நேரம் ஊறி உப்பினால் போதும், உடனே நட்டுவிட வேண்டும். தலை வால் தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வை, முளை தானே வழி தேடிக்கொள்ளும். தண்ணீர் தேங்காத மண் வேண்டும். குளிர்ச்சியான பருவம் இல்லாமல் இது பூக்காது, அதையும் பார்த்துக்கொள்.

வேரடி

கூடவே ஒன்று. தண்டை வெறுங்கையால் கசக்காதீர்கள். நசுங்கினால் வரும் சாற்றில் புரோட்டோஅனிமோனின் என்ற எரிச்சல் தரும் பொருள் உண்டாகும். சிலருக்குத் தோல் சிவந்து கொப்புளமே வரும். வாயில் வைப்பது கூடவே கூடாது. அனிச்சத்தோடு ஒப்பிட்ட ஐயா இதைக் கவனிக்க வேண்டும்!

நெடுங்கணக்கு

கவனித்தேன். இனி முகரவும் மாட்டேன்.

சட்டகம்

அடுக்கு இதழ் வகைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் துலிப்புக்கு இருந்த மாதிரியே அனிமோனுக்கும் பித்துப் பிடித்தவர்கள் இருந்தார்கள். யான் பிரூகல் போன்றவர்களின் பூ ஓவியங்களில், வெவ்வேறு பருவத்தில் பூப்பவற்றை ஒரே ஜாடியில் சேர்த்து வைத்திருப்பார்கள். நிஜத்தில் அப்படி ஒரு கொத்து கிடைக்கவே கிடைக்காது. அனிமோனும் அங்கே இருக்கும்.

அந்தக் காலத்துக் கதை ஒன்று. பாரிஸில் பாஷிலியே என்பவர் கிழக்கிலிருந்து அருமையான அனிமோன்களைத் தருவித்து, பத்து வருஷம் யாருக்கும் ஒரு விதைகூடக் கொடுக்காமல் வைத்திருந்தாராம். நீதிமன்றப் பெரிய மனிதர் ஒருவர் ரோமம் வைத்த அங்கியோடு தோட்டம் பார்க்க வந்தார். பூக்கள் விதையாகி நின்ற நேரம். அந்தப் பாத்தி அருகே அங்கி 'தவறி' விழுந்தது. முன்பே சொல்லிவைத்தபடி வேலைக்காரன் அதைச் சட்டென்று சுருட்டி எடுத்துக்கொண்டான். அடுத்த வருஷம் ஊரெல்லாம் பாஷிலியேயின் பூ! நடந்ததோ இல்லையோ, நான் இதை நம்பத்தான் விரும்புகிறேன்.

வேரடி

நடந்திருக்க முடியும் என்பதற்கு விதையே சாட்சி. கொரோனாரியாவின் விதை ஒவ்வொன்றையும் பஞ்சு சுற்றியிருக்கும். ரோமத்தில் ஒட்டினால் விடாது. காற்றில் போவதற்காக ஏற்பட்ட பஞ்சு அது.

இலையுதிர்காலத்தில் பூக்கும் ஒன்றும் இருக்கிறது. ஜப்பானிய அனிமோன் என்று பெயர், ஆனால் பிறந்தது சீனாவில். 1843-இல் செடிகள் சேகரிக்கப் போன ராபர்ட் ஃபார்ச்சூன் அதை ஷாங்காய் அருகே கல்லறை மேடுகளுக்கு நடுவே கண்டார், அடுத்த ஆண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 1858-இல் பிரான்சின் வெர்டன் நகரத் தோட்டம் ஒன்றில் அதன் ரோஸ் நிறச் செடிகளுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று தோன்றியது. 'ஆனோரின் ஷோபேர்' என்ற அந்த வகை இன்றும் தோட்டங்களில் இருக்கிறது. ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் பிடுங்கி எறிந்தாலும் விட்டுப்போன துணுக்கிலிருந்து முளைக்கும். ஜப்பானியத்தில் அதைச் சாமந்தி என்றே சொல்கிறார்கள், ஷூமேய்கிகு. காற்றைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை.

கோணல்பார்வை

தூரிகைக்காரி எங்கே? ஊதாப் பூ என்ன ஆயிற்று?

தூரிகைக்காரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஊதா உதிர்ந்துவிட்டது. கோணல்பார்வை சொன்னது சரிதான். ஒரு காலையில் நான்கு இதழ் மேசையில் கிடந்தது, மற்றவை தொட்டதும் வந்துவிட்டன. ஓவிட் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அத்தோடு எழுந்து போய்விட்டார் போலிருக்கிறது. தொட்டியில் இருந்த இரண்டு சிவப்பும் அடுத்தடுத்து உதிர்ந்தன. அவற்றின் தண்டை வெட்டாமல் விட்டுவைத்தேன்.

நடுவில் இருந்த அந்தக் கறுப்புக் குமிழ் உதிரவில்லை. நாளுக்கு நாள் நீண்டு, சுண்டுவிரல் நுனி அளவுக்கு வந்தது. கறுப்பு பழுப்பானது. முந்தாநாள் ஒரு பக்கம் வெடித்துச் சாம்பல் நிறப் பஞ்சு வெளியே தெரிகிறது. இது நாள் முழுக்க ஒரே நிலையில் நிற்கிறது, விரிவதும் இல்லை மூடுவதும் இல்லை. முதல் தடவையாக ஒரு பூவை முழுசாக வரைந்து முடிக்கப் போகிறேன், அதுவும் பூ போன பிறகு. பஞ்சை எப்படி விடுவது என்று தெரியவில்லை, வெள்ளையை வைக்காமல் காகிதத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

தொட்டியை உள்ளே கொண்டுவந்து ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன். வரைந்து முடித்ததும் திறந்துவிடுவேன்.